காரணம் தெரியாமல் டொமைனைக் கழற்றாதீர்கள்

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,



அவிநாசி ரோடு, மங்கலம் ரோடு, நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா, முதலிபாளையம் சிட்கோ என்று நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் உங்களுக்கு வரும் போன் ஒரே மாதிரிதான் இருக்கிறது. “சார், சிஸ்டத்துக்குள்ள போக முடியலைங்க. டொமைன் போயிருச்சாட்ட இருக்குதுங்க.” போய்ப் பார்த்தால் லாகின் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். இந்தக் கணினிக்கும் டொமைனுக்கும் இடையே இருந்த நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்பது அதன் பொருள்.

அந்த வரியைப் பார்த்ததும் நம் தொழிலில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கணினியை டொமைனிலிருந்து கழற்றி ஒர்க்குரூப்பில் போடுவது, ரீஸ்டார்ட் செய்வது, மறுபடியும் டொமைனில் மாட்டுவது. மேஜையில் இருப்பவர் நன்றி சொல்வார், நாம் அடுத்த மேஜைக்குப் போவோம். அதே கணினி அடுத்த மாதமும் விழுந்தால் அதே வைத்தியத்தைத் திரும்பச் செய்வோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன். கழற்றி மாட்டுவது கடைசி வழியாக இருக்கட்டும். ஏன் அறுந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு கணினியில் கை வையுங்கள்.

திருப்பூரில் ஒரு கணினி நின்றால் ஒரு மேஜையோடு நிற்பதில்லை. பையர் அனுப்பிய டெக் பேக், அளவுப் பட்டியல், அப்ரூவல் மெயில் எல்லாம் மெர்ச்சண்டைசரின் கணினியிலும் சர்வரின் ஷேர்டு ஃபோல்டரிலும் இருக்கின்றன. பேட்டர்ன் அறையில் மார்க்கர் திறக்காவிட்டால் கட்டிங் மேஜை காத்திருக்கும். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் வராவிட்டால் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய கன்டெய்னர் கம்பெனி வாசலிலேயே நிற்கும். சனிக்கிழமை மதியம் சம்பளப் பட்டியல் திறக்காவிட்டால், வாரச் சம்பளத்தை நம்பி வந்த டெய்லருக்கு யார் பதில் சொல்வது?

2025 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை அமெரிக்கா ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதமாக்கியது. அந்தத் தேதிக்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே சுங்கத்தைக் கடந்த சரக்குக்குப் புதிய உயர்வு பொருந்தாது என்று விதி இருந்தது. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் டாக்குமெண்டேஷன் பிரிவின் கணினி அரை நாள் நிற்பது ஹார்டுவேர் கோளாறோடு முடிந்துவிடாது, கம்பெனியின் லாப நட்டம் வரைக்கும் போகும். மேஜைக்குக் கீழே குனிந்து கேபிளைப் பிடித்துப் பார்க்கும் உங்கள் வேலையின் எடை இதுதான்.

காரணத்தைத் தேடிப் போகும் கொள்கையை நம் ஊர் வேறு இடத்தில் நன்றாகவே அறியும். செக்கிங் மேஜையில் துணியில் நீடில் லைன் தெரிந்தால் அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு யாரும் சும்மா இருப்பதில்லை. எந்த ரோல், எந்த நிட்டிங் மெஷின், எந்த ஊசி என்று தேடிப்போய் ஊசியை மாற்றுகிறோம், மாற்றாவிட்டால் அடுத்த ரோலிலும் அதே கோடு விழும் என்று தெரியும். கணினி விஷயத்திலும் நமக்கு அதே பிடிவாதம் வேண்டும்.

முதலில் கணினிக்கும் டொமைனுக்கும் இடையே உள்ள நம்பிக்கை உறவு எப்படி நிற்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் 2000-உடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆக்டிவ் டைரக்டரிதான் இன்றும் நம் அலுவலகங்களில் ஓடும் டொமைனின் அடிப்படை. அதில் ஆட்களுக்குப் பயனர் கணக்கு இருப்பதைப் போலவே ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு ஒரு கடவுச்சொல்லும் உண்டு. அதை யாரும் தட்டச்சு செய்வதில்லை, கணினியும் டொமைன் கன்ட்ரோலரும் தங்களுக்குள் வைத்துக்கொள்கின்றன. கணினி ஆன் ஆகும்போது அதைக் காட்டித்தான் சர்வரோடு பாதுகாப்பான ஒரு பாதையை அமைத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் இருக்கும் கடவுச்சொல் ஒத்துப்போகாத நாளில் அந்த ஆங்கில வரி வருகிறது.

இந்தக் கடவுச்சொல் இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை மாறும். இங்கேதான் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: ‘30 நாள் ஆன் பண்ணாம விட்டா டொமைன் தானாப் போயிரும்’ என்பது. அது உண்மையில்லை. மாற்றத்தைத் தொடங்குவது சர்வர் அல்ல, அந்தந்தக் கணினிதான். கணினி அணைந்து கிடக்கும் வரை இரண்டு பக்கமும் பழைய கடவுச்சொல்லே இருக்கும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த கணினியை ஆன் செய்தாலும் அது பழைய கடவுச்சொல்லைக் காட்டும், சர்வர் ஏற்கும், பிறகு புதிதாக மாற்றிக்கொள்ளும். 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கில் வாரக்கணக்கில் அணைந்து கிடந்த கணினிகளுக்கும் இதே விதிதான். ஆகவே ‘ரொம்ப நாள் ஆஃப்ல இருந்துச்சுங்க’ என்பதைக் காரணமாக எழுதிக்கொண்டு தேடலை நிறுத்திவிடாதீர்கள். இடைப்பட்ட காலத்தில் யாராவது ‘பயன்படுத்தாத கணினிகள்’ என்று சர்வரில் கணக்குகளை அழித்தார்களா, முடக்கினார்களா என்று மட்டும் கேளுங்கள்.

அப்படியானால் தீபாவளி, பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறக்கும் காலையில் மட்டும் ஏன் இத்தனை கணினிகள் விழுகின்றன? நம் ஊர் வழக்கத்திலேயே பதில் இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாதுகாப்புக்காக மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்கிறது, பெரும்பாலும் சி.ஆர். 2032. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பழைய கணினிகளில் அது தீர்ந்துபோயிருக்கும். தினமும் சுவிட்ச் போர்டில் மின்சாரம் இருந்தவரை அந்தக் குறை வெளியே தெரியவில்லை. பத்து நாள் மின்சாரமே இல்லாமல் கிடந்து எழும்போது கணினி பல ஆண்டு பழைய தேதியைக் காட்டுகிறது.

டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறைக்கு நேரம் முக்கியம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980-களில் உருவான அந்த முறையில், அனுமதிச் சீட்டு ஒவ்வொன்றிலும் நேரம் குறிக்கப்படுகிறது. ஒருவர் பழைய சீட்டைத் திருடி மறுபடியும் காட்டாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. கணினிக்கும் சர்வருக்கும் இடையே இயல்பாக 5 நிமிட வித்தியாசம்தான் ஏற்கப்படும். அதைத் தாண்டினால் சீட்டு செல்லாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே போக முடியாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. தளமோ வங்கித் தளமோ திறக்கும்போது சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரிக்கிறதா என்று கேளுங்கள். தேதி தவறிய கணினியில் அதுவும் சேர்ந்தே நடக்கும். நேரத்தைத் திருத்திவிட்டு, சர்வரோடு நேரத்தை ஒத்திசைத்து, அதே நாளில் பேட்டரியையும் மாற்றுங்கள். நேரத்தை மட்டும் திருத்திவிட்டுப் போனால் அடுத்த நீண்ட லீவில் அது திரும்ப வரும். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், மதர்போர்டைத் தொடுவதற்கு முன் அதன் மீட்புச் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். பேட்டரி மாற்றிய பிறகு விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

ஒரே காலையில் எல்லாக் கணினிகளும் விழுந்தால் சந்தேகம் சர்வரின் கடிகாரத்தின் மேல் போக வேண்டும். டொமைனில் உள்ள கணினிகள் கன்ட்ரோலரிடம் நேரம் கேட்கின்றன. கன்ட்ரோலர் வெளியே ஒரு நம்பகமான மூலத்திடம் கேட்க வேண்டும். அதற்கு மூலமே சொல்லித்தரப்படாத சர்வர்கள், சொந்தக் கடிகாரத்தை நம்பிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். இந்தியாவில் இது சட்டப் பொறுப்பும்கூட. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு இணைக்க வேண்டும். சிறு குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். அந்த அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. சர்வரில் இந்த ஒரு அமைப்பைச் சரி செய்ய அரை மணி நேரம் போதும்.

அடுத்த காரணம் டி.என்.எஸ். இன்டர்நெட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது புகார் சொன்னால், பிராட்பேண்ட் இணைப்பைப் பார்க்க வந்தவர் கணினியின் நெட்வொர்க் அமைப்பில் 8.8.8.8 என்று போட்டுவிட்டுப் போவார். அது கூகுள் பொதுவில் தரும் டி.என்.எஸ். சர்வர். உலகத்தில் உள்ள தளங்கள் அதற்குத் தெரியும், உங்கள் கம்பெனியின் உள் டொமைன் தெரியாது. டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி கண்டுபிடிப்பதே டி.என்.எஸ். பதிவுகள் மூலம்தான். கூகுளிடம் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வரும். அந்தப் பதிலை முடிவாக எடுத்துக்கொள்ளும் கணினி அடுத்த சர்வரிடம் கேட்காது.

பலர் முதல் இடத்தில் கம்பெனி சர்வரையும் இரண்டாம் இடத்தில் 8.8.8.8-ஐயும் போடுகிறார்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது அது. விளைவு நேர்மாறானது. சர்வர் ஒரு நொடி பதில் சொல்லத் தாமதித்தால் கணினி இரண்டாவதற்குப் போய்விடும். காலையில் வேலை செய்து மதியம் செய்யாமல் போவதும், ஒரு மேஜையில் வந்து பக்கத்து மேஜையில் வராததும் பெரும்பாலும் இதனால்தான். டொமைனில் உள்ள கணினிகளில் டொமைனின் டி.என்.எஸ். சர்வர்கள் மட்டுமே இருக்க வேண்டும். வெளியுலகப் பெயர்களுக்காகக் கூகுளைச் சேர்க்க வேண்டிய இடம் சர்வரின் ஃபார்வர்டர் பகுதி. அங்கே போட்டால் இன்டர்நெட்டும் வரும், டொமைனும் நிற்கும்.

இதன் இன்னொரு வடிவம், யாருக்கும் சொல்லாமல் வந்து உட்காரும் வைஃபை ரூட்டர். செக்கிங் பகுதியில் சிக்னல் இல்லை, ஆடிட்டர் வருகிறார், பையர் க்யூசி வருகிறார் என்று கடையில் ஒன்றை வாங்கி, கையில் கிடைத்த லேன் கேபிளில் செருகிவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அதுவும் ஐ.பி. முகவரி வழங்கத் தொடங்கும். சில கணினிகள் சர்வரிடமிருந்தும், சில இந்த ரூட்டரிடமிருந்தும் முகவரி வாங்கும். ரூட்டரிடம் வாங்கியவை எல்லாம் டொமைனைத் தொலைக்கும். ஐபிகான்ஃபிக் கட்டளையில் தெரியும் டி.எச்.சி.பி. சர்வர் முகவரியைப் படித்தால் குற்றவாளி உடனே தெரியும். அந்த ரூட்டரில் டி.எச்.சி.பி.யை அணைத்துவிட்டால் பிரச்சினை அங்கேயே முடிகிறது. எந்தக் கணினியையும் கழற்ற வேண்டியதில்லை.

கடவுச்சொல் உண்மையாகவே ஒத்துப்போகாமல் போவது மூன்றாவது வகை. இதற்குக் காரணம் பெரும்பாலும் நகலும் மீட்பும்தான். புதிதாகப் பத்துக் கணினி வாங்கினால், ஒன்றில் எல்லாவற்றையும் நிறுவி, டொமைனிலும் சேர்த்துவிட்டு, அதன் இமேஜை மற்ற ஒன்பதிலும் இறக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கணினிக் கணக்கு. ஒன்று தன் கடவுச்சொல்லை மாற்றியதும் மற்றவை வெளியே நிற்கும். இமேஜ் எடுப்பதாக இருந்தால் டொமைனில் சேர்ப்பதற்கு முன், சிஸ்பிரெப் ஓட்டிவிட்டு எடுங்கள். பெயர் மாற்றிய பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

‘ஷிப்பிங்-1’ என்று ஏற்கெனவே ஒரு கணினி இருக்க, பழுதுக்குப் பதிலாக வந்த புதியதற்கும் அதே பெயர் வைத்துச் சேர்த்தாலும் இதே கதைதான். புதியது சேர்ந்த நொடியில் கணக்கின் கடவுச்சொல் மாறும், பழையது விழும். 2022 அக்டோபர் முதல் வந்த விண்டோஸ் அப்டேட்டுகளுக்குப் பிறகு, வேறொருவர் உருவாக்கிய கணக்கின் பெயரில் மறுபடியும் சேர்க்க முயன்றால் பல நேரங்களில் விண்டோஸே மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பு ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாதீர்கள். தனித்த பெயர் வைக்கும் ஒழுங்கைக் கொண்டுவாருங்கள்.

சிஸ்டம் ரிஸ்டோர், பழைய பேக்கப் இமேஜ், ரீஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் எல்லாம் கணினியைப் பழைய நாளுக்குக் கொண்டுபோகின்றன. கடவுச்சொல்லும் பழையதாகிவிடும், சர்வரிலோ புதியது இருக்கும். இதே விஷயம் சர்வர் பக்கம் நடந்தால் விளைவு பெரிது. கம்பெனியில் ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலர், அது பழுதாகி, போன மாத இமேஜிலிருந்து மீட்டார்கள் என்று வையுங்கள். அந்த இமேஜ் எடுத்த பிறகு கடவுச்சொல் மாற்றிய கணினிகளை அது அடையாளம் கண்டுகொள்ளாமல் போகலாம். ஒரே நேரத்தில் பல கணினிகளில் இந்த வரி வந்தால், ‘சர்வரில் சமீபத்தில் என்ன செய்தோம்’ என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இனி வரிசையைச் சொல்கிறேன். போன் வந்ததும், ஒரு கணினியா, ஒரு பகுதி முழுவதுமா, எல்லாமேவா என்று கேளுங்கள். ஒரு பகுதி என்றால் அங்கே உள்ள நெட்வொர்க் சுவிட்சைப் போய்ப் பாருங்கள். தையல் தளத்திலும் செக்கிங் தளத்திலும் பறக்கும் பஞ்சுத் தூசி சுவிட்சின் விசிறியையும் போர்ட்டுகளையும் அடைத்துவிடும். கேபிள், ஐ.பி. முகவரி, தேதி, டி.என்.எஸ்., சர்வர் பெயருக்குப் பதில் வருகிறதா என்ற வரிசையில் போங்கள். ஈவண்ட் வியூவரில் நெட்லாகன் எழுதிய குறிப்பைப் படியுங்கள். 5719 என்றால் அந்த நேரத்தில் கணினியால் கன்ட்ரோலரோடு பாதுகாப்பான தொடர்பை அமைக்க முடியவில்லை. எஸ்.எஸ்.டி. போட்ட கணினியில், நெட்வொர்க் தயாராகும் முன்பே விண்டோஸ் எழுந்துவிடுவதால்கூட இது வரும். 3210 என்றால் கன்ட்ரோலரோடு அடையாளச் சோதனையே தோற்றுவிட்டது. அப்போதுதான் கடவுச்சொல் பக்கம் பார்க்க வேண்டும்.

தேடிக்கொண்டிருக்கும்போது மேஜையில் இருப்பவரைக் காக்க வைக்காதீர்கள். லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அவருடைய வழக்கமான கடவுச்சொல்லைப் போடச் சொல்லுங்கள். கடைசியாக லாகின் செய்த 10 பேரின் விவரத்தை விண்டோஸ் இயல்பாகவே நினைவில் வைத்திருக்கும். அவர் உள்ளே போய், கணினியிலேயே இருக்கும் ஃபைலையாவது எடுத்துக்கொள்ள முடியும்.

கடவுச்சொல்தான் ஒத்துப்போகவில்லை என்று உறுதியான பிறகும் கழற்ற அவசரமில்லை. உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து, பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல்’ கட்டளையை ஓட்டுங்கள். ‘ஃபால்ஸ்’ என்று வந்தால், அதோடு ‘ரிப்பேர்’ என்பதையும் டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையும் சேர்த்து மறுபடியும் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் கடவுச்சொல் புதிதாக அமைக்கப்படும். பயனரின் டெஸ்க்டாப், மெயில், செட்டிங் எதையும் அது தொடுவதில்லை. இந்தக் கட்டளை விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் உண்டு, தனியாக இறக்கி நிறுவும் பவர்ஷெல் 7-இல் இல்லை. சர்வரிலேயே ‘நெட்டாம்’ கட்டளையும் இதற்கு உதவும்.

கழற்றுவதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். முதல் ஆபத்து, உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் தெரியாமல் கழற்றிவிடுவது. புதிய விண்டோஸ்களில் உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு முடக்கப்பட்டே வருகிறது. கழற்றி ரீஸ்டார்ட் செய்ததும் உள்ளே போக எந்தக் கணக்கும் இல்லாமல் நிற்பீர்கள். இரண்டாவது, அவசரத்துக்குப் புதிதாக ஒரு உள்ளூர்ப் பயனரை உருவாக்குவது. திரை வெறுமையாக எழும், இத்தனை வருட ஃபைலும் பையர் மெயிலும் போய்விட்டதாக அந்த மெர்ச்சண்டைசர் பதறுவார். அவை பழைய பயனர் ஃபோல்டரில்தான் இருக்கின்றன. ஆனால் அதை அறியாமல் ஒருவர் ஃபார்மேட் செய்துவிட்டால் உண்மையிலேயே போய்விடும். மூன்றாவது, சர்வரில் பழைய கணினிக் கணக்கை அழிப்பது. பிட்லாக்கர் மீட்புச் சாவியை டொமைனில் சேமித்திருந்தால் அது அந்தக் கணக்கின் கீழேதான் இருக்கும், கணக்கோடு சேர்ந்து அதுவும் அழியும். அழிப்பதற்குப் பதில் ‘ரீசெட்’ என்ற வசதி அங்கேயே இருக்கிறது.

இரண்டு குறுக்கு வழிகளை விட்டுவிடுங்கள். கணினியின் கடவுச்சொல் மாற்றத்தையே ரிஜிஸ்ட்ரியில் நிறுத்திவிடுவது ஒன்று. பிரச்சினை தலைகாட்டாது, ஆனால் திருடப்பட்ட ஒரு கடவுச்சொல் என்றைக்கும் செல்லுபடியாகும். எல்லாக் கணினிக்கும் ஒரே உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் வைப்பது மற்றொன்று. ஒரு கணினியில் நுழைந்த வைரஸ் அதை வைத்தே மற்ற எல்லாவற்றிலும் நுழையும். கணினிக்கு ஒன்றாக, தானே மாறும் கடவுச்சொல் வைக்கும் லேப்ஸ் என்ற வசதி 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. தனிக் கட்டணம் கிடையாது.

சில விஷயங்களை முதலாளியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். ஒரே ஒரு டொமைன் கன்ட்ரோலரில் கம்பெனி முழுவதும் தொங்கக் கூடாது, இரண்டாவது ஒன்று வேண்டும். சர்வரின் பேக்கப் தினமும் நடக்க வேண்டும், அதை மீட்டுப் பார்த்த தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். லேப்டாப் வாங்கும்போது விண்டோஸ் ஹோம் பதிப்பு வேண்டாம், அதை டொமைனில் சேர்க்கவே முடியாது. விண்டோஸ் சர்வர் 2012-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன என்பதைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். அவருக்குத் தெரிந்த மொழியில் பேசுங்கள். ஒரு ஷிப்மென்ட் கடலில் போவதற்குப் பதில் விமானத்தில் போனால் ஆகும் செலவு எவ்வளவு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தொகைக்குப் பக்கத்தில் இரண்டாவது சர்வரின் விலையை எழுதி வையுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கணினிப் பெயர், என்ன அறிகுறி, என்ன காரணம், என்ன செய்தீர்கள் என்ற ஐந்து கட்டம் போதும். காரணம் என்ற கட்டத்தில் ‘டொமைன் போச்சு’ என்று எழுதக் கூடாது, அது அறிகுறி. பேட்டரி, டி.என்.எஸ்., ரூட்டர், இமேஜ், ஒரே பெயர் என்று உண்மையான காரணம் அங்கே வர வேண்டும். சில மாதம் எழுதினால் உங்கள் கம்பெனியில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று அந்த நோட்டே சொல்லும். நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும் அடுத்து வருபவர் இருட்டில் தொடங்க மாட்டார்.

இந்த ஊரின் ஏற்றுமதியாளர்கள் 1990-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, தனித்தனிக் கம்பெனிகளாகப் போட்டியிட்டுக்கொண்டே பொதுப் பிரச்சினைகளைச் சேர்ந்து தீர்க்கக் கற்றார்கள். கணினிப் பிரிவில் இருக்கும் நாமும் கம்பெனி ரகசியம் எதையும் வெளியே சொல்லாமல் கோளாறின் காரணங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் பேட்டையில் உள்ள நாலு கம்பெனிக்காரர்கள் மாதம் ஒரு முறை டீக்கடையில் உட்கார்ந்து பேசினாலே போதும்.

அடுத்த நீண்ட லீவுக்குக் கம்பெனி மூடுவதற்கு முந்தின வாரமே தொடங்குங்கள். பழைய கணினிகளின் பேட்டரியை மாற்றுங்கள். சர்வரின் நேர மூலத்தைச் சரிபாருங்கள். ஒவ்வொரு கணினியிலும் டி.என்.எஸ்.ஸைப் பாருங்கள். உள்ளூர் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வேலை செய்கிறதா என்று ஒரு முறை நுழைந்து பாருங்கள். பேக்கப்பை மீட்டுப் பாருங்கள். லீவு முடிந்து கம்பெனி திறக்கும் காலையில் அந்த போன் வந்தால், கழற்றுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

அன்புடன்,
திருப்பூரில் அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் உங்கள் மூத்த சக ஊழியர்